ட்யூன் முதலில், லூப் பிறகு: வாசகர் கேள்வி-பதில்

கணினியில் ரெடிமேட் லூப்களை வைத்துப் பாட்டு அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு கீபோர்டு வாசிக்கத் தெரியாது. ஆனால் மெட்டு மனதில் வந்துகொண்டே இருக்கும். குழந்தைகளுக்கான நாலைந்து பாட்டுகளை ஃபோனில் பாடிப் பதிந்து வைத்திருக்கிறேன். லூப் வைத்து இவற்றை முழுப் பாட்டாக ஆக்க முடியுமா? எந்த மென்பொருளை வாங்க வேண்டும்?
— பள்ளி ஆசிரியை, தேனி

பதில்: தாராளமாக முடியும். லூப் என்பது ஒரு கலைஞர் ஏற்கெனவே வாசித்துப் பதிந்த இரண்டு பார், நான்கு பார் அளவுள்ள இசைத்துண்டு (பார் என்றால் வழக்கமாக நான்கு தட்டு கொண்ட ஓர் அளவு). முடிவும் தொடக்கமும் ஒட்டும்படி வெட்டியிருப்பார்கள். அடுத்தடுத்து வைத்தால் தாளம் அறாமல் ஓடும். வாசிக்கத் தெரியாதவருக்கு இது பெரிய வரம்.

மென்பொருளுக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். மாக் கணினி என்றால் கராஜ்பேண்ட் இலவசம், கூடவே ஆயிரக்கணக்கான லூப்களும் வரும். விண்டோஸ் என்றால் பிரவுசரிலேயே ஓடும் பேண்ட்லேப் போதும். கணினியில் நிறுவிக்கொள்ளத்தான் பிடிக்கும் என்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கிறது. ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். பலர் முதலில் லூப் பெட்டியைத் திறந்து, நன்றாக இருக்கிற ஒரு கிடார் லூப்பைப் போட்டு, அதன்மேல் தன் மெட்டைத் திணிப்பார்கள். அந்த லூப்பில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் இடங்களை அதை வாசித்தவர் முடிவு செய்திருக்கிறார். உங்கள் மெட்டு மூன்றாவது பாரில் கார்டு மாற்றம் கேட்கும், லூப் இரண்டாவது பாரிலேயே மாறிவிடும். கடைசியில் மெட்டு வளைந்து கொடுத்து, உங்களுடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அதனால் மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் லூப் தேட வேண்டும்.

ஃபோன் பதிவைப் போட்டுக் கேட்டபடி தொடையில் தாளம் தட்டுங்கள். 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 24 தட்டு என்றால் நிமிடத்துக்கு 96 பீட், அதாவது 96 பிபிஎம். அதை மென்பொருளின் டெம்போவாகப் போடுங்கள். பிறகு மெட்டு வந்து இளைப்பாறும் சுரம், அதாவது உங்கள் 'ஸ', எது என்று திரையில் உள்ள கீபோர்டை ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுபிடித்து, அதையே கீயாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஹெட்ஃபோனில் மெட்ரோனோம் டிக் டிக் ஒலியைக் கேட்டபடி பாட்டை ஒருமுறை முழுதாகப் பாடிப் பதியுங்கள். குரல் பிசிறினாலும் பரவாயில்லை. இது வழிகாட்டி ட்ராக்தான், பிறகு அழித்துவிடப் போகிறோம்.

இதன் பிறகே லூப். தாளவாத்தியம் ஒன்று, கீழ்ச்சுரங்களைப் பிடிக்கும் பேஸ் ஒன்று, கார்டு பிடிக்கும் பியானோவோ கிடாரோ ஒன்று. முதல் பாட்டில் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கராஜ்பேண்டில் நீல நிற லூப் ஒலிப்பதிவு, பச்சை நிற லூப் மிடி, அதாவது எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும். பச்சையைத் திறந்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனிக் கட்டையாகத் தெரியும். தப்பாக ஒலிக்கிற ஒன்றை மௌஸால் மேலோ கீழோ நகர்த்தலாம். உங்களைப் போல மெட்டோடு வருகிறவர்கள் கார்டுக்கும் பேஸுக்கும் பச்சையையே தேடுவது நல்லது.

கேள்வி: 90 பிபிஎம் என்று பெயரிட்ட ஒரு தபலா லூப்பை இறக்கினேன். ப்ராஜெக்டும் 90தான். முதல் இரண்டு சுற்று சரியாக இருக்கிறது. எட்டாவது சுற்று வரும்போது டிரம்ஸோடு ஒட்டாமல் தனியாக ஓடுகிறது. ஏன்?
— கீபோர்டு கலைஞர், திருநெல்வேலி

பதில்: அது எம்பி3 கோப்பா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் திருடன் அங்கேதான் இருப்பான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 90 பிபிஎம்மில் ஒரு பீட் 60 ÷ 90 = 0.667 விநாடி. நான்கு பார், பாருக்கு நான்கு பீட், ஆக 16 பீட். லூப்பின் நீளம் 10.667 விநாடி இருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 ஒலி அளவீடு (சாம்பிள்) எடுத்தால், இது சரியாக 4,70,400 சாம்பிள். எம்பி3யோ ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட பொட்டலங்களாகத்தான் கட்டும். முன்னால் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும், கடைசிப் பொட்டலம் நிறையாவிட்டால் பின்னாலும் மௌனத்தை இட்டு நிரப்பும். இந்த லூப்புக்கு 410 பொட்டலம் ஆனது என்றால் நீளம் 4,72,320 சாம்பிள், அதாவது 10.71 விநாடி. சுற்றுக்கு 0.043 விநாடி கூடுதல். காது அதை முதல் சுற்றில் மன்னித்துவிடும். எட்டுச் சுற்றில் 0.35 விநாடி, அரை பீட்டுக்கு மேலேயே தள்ளிப்போய்விடும். நீங்கள் கேட்டது அதைத்தான்.

சரிசெய்ய, கோப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் 'தா' விழும் இடத்துக்கு முன்னால் தட்டையான கோடு ஒன்று தெரியும், ஏறக்குறைய 25 மில்லிசெகண்ட். அதை வெட்டி எறிந்துவிட்டு, அங்கிருந்து 10.667 விநாடியில் வால்பக்கத்தையும் வெட்டி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இனி லூப் இறக்கும்போதே வேவ் அல்லது ஏஐஎஃப்எஃப் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கோப்பு வேவ்தான், ஆனாலும் விலகுகிறது என்றால் நீளத்தை வைத்து உண்மையான டெம்போவைக் கண்டுபிடியுங்கள்: பீட் எண்ணிக்கை × 60 ÷ விநாடி. 16 பீட், 10.43 விநாடி என்றால் அது 92 பிபிஎம். பெயர் வைத்தவர் தவறிவிட்டார். எல்லாமே மெதுவாகவும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைக்கட்டை (அரைக்கட்டை என்பது கீபோர்டின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளில் அடுத்தடுத்த இரண்டின் இடைவெளி) இறங்கியும் கேட்டால், 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மாற்றாமல் 44.1 ப்ராஜெக்டில் ஓடவிட்டிருக்கிறீர்கள். சாம்பிள் ரேட்டை மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

டெம்போவை இழுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தாள லூப்பைத் தட்டுக்குத் தட்டு நறுக்கி, துண்டுகளை நெருக்கியோ தள்ளியோ வைக்கும் முறை 1994ல் வந்த ரீசைக்கிள் என்ற மென்பொருளிலிருந்து இருக்கிறது. 1998ல் வந்த ஆசிட் என்ற மென்பொருள், டெம்போவையும் கீயையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைத்து, லூப்பைப் போட்டவுடன் ப்ராஜெக்டுக்கு ஏற்ப மாற்றிக் காட்டியது. இன்றைய மென்பொருள்கள் இதைத் தானே செய்கின்றன. என்றாலும் 90 லூப்பை 96க்கு இழுத்தால் யாருக்கும் தெரியாது. 120க்கு இழுத்தால் தட்டுகள் கூர்மை இழந்து மழுங்கும், தபலாவின் கும்கி (இடது கை அழுத்தி இழுக்கும் ஒலி) தண்ணீருக்குள் ஒலிப்பது போல ஆகிவிடும். பத்து சதவீதத்துக்குள் அடங்கும் லூப்பைத் தேடுவது, இழுத்துப் பிடிப்பதைவிடச் சுலபம்.

கேள்வி: என் குரலுக்கு 5½ கட்டை. மாயாமாளவகௌளையில் ஒரு அம்மன் பாட்டு அமைத்திருக்கிறேன். எந்தப் பியானோ லூப், கிடார் லூப் போட்டாலும் அபசுரமாக இருக்கிறது. கீ தவறா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: கீயை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக்கட்டைகள்: 1½ சி ஷார்ப், 2½ டி ஷார்ப், 4½ எஃப் ஷார்ப், 5½ ஜி ஷார்ப், 6½ ஏ ஷார்ப். உங்களுடையது ஜி ஷார்ப். சில லூப் தொகுப்புகளில் இதே சுரம் ஏ ஃப்ளாட் என்று போட்டிருக்கும்.

கீ சரியாக இருந்தாலும் அபசுரம் போகாது. காரணம் ராகம். லூப்கள் பெரும்பாலும் மேஜர், மைனர் என்ற இரண்டு அச்சில் வார்க்கப்பட்டவை. மேஜர் நம் சங்கராபரணம், இயற்கை மைனர் நம் நடபைரவி. இந்த இரண்டிலும் மெட்டமைத்தால் கடையில் கிடைக்கும் லூப் உட்காரும். மாயாமாளவகௌளையில் நீங்கள் பாடுவது சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும். மேஜர் லூப் வாசிப்பது சதுஸ்ருதி ரிஷபமும் சதுஸ்ருதி தைவதமும். இரண்டும் அரைக்கட்டை தள்ளி ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது காது கூசத்தான் செய்யும். லூப்பை மேலே கீழே எத்தனை கட்டை நகர்த்தினாலும் இது மாறாது; எல்லாச் சுரமும் சேர்ந்தேதான் நகரும். கல்யாணிக்கும் இதே சிக்கல் மத்யமத்தில் வரும்.

அதனால் இந்தப் பாட்டுக்கு கார்டு லூப்பை விட்டுவிடுங்கள். தம்புரா, ஸ-ப மட்டும் பிடிக்கும் பேஸ், அதோடு தாளவாத்தியம்: அம்மன் பாட்டுக்கு இதுவே நிறைவாக இருக்கும். கார்டு வேண்டும் என்றால் மிடி லூப் எடுத்து ரி, த இரண்டையும் அரைக்கட்டை இறக்குங்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். தபலாவின் வலது கை, மிருதங்கத்தின் வலந்தலை இரண்டும் சுருதி சேர்த்துத்தான் வாசிக்கப்படுகின்றன. ஆனாலும் சில மென்பொருள்கள் இவற்றை 'டிரம்ஸ்' கணக்கில் சேர்த்து, கீ மாற்றும்போது தொடாமல் விட்டுவிடும். 1 கட்டைக்கு வாசித்த மிருதங்க லூப் உங்கள் 5½ பாட்டில் அப்படியே நின்றால் பின்னணி முழுக்க ஒரு கலக்கம் இருக்கும், காரணம் பிடிபடாது. 5 கட்டையிலோ 6 கட்டையிலோ வாசித்த லூப்பைத் தேடி அரைக்கட்டை மாற்றிக்கொள்ளுங்கள். நாலைந்து அரைக்கட்டை நகர்த்தினால் தோலின் நாதம் போய் தகரம் தட்டுவது போல ஆகிவிடும்.

கேள்வி: கிடைக்கிற லூப் எல்லாம் நாலு நாலாகவே இருக்கின்றன. மிஸ்ர சாபு பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நறுக்கிச் செய்யலாம், அதுவும் நன்றாகவே வரும். மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கை என்பதால் ப்ராஜெக்டின் தாளத்தை 7/8 என்று மாற்றுங்கள். நாலு பீட் கொண்ட ஒரு பாரை எட்டுச் சம துண்டாக வெட்டுங்கள். அதில் 1ம் துண்டிலும் 5ம் துண்டிலும் அழுத்தமான தட்டு இருக்கிற லூப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது 4ம் துண்டை எடுத்துவிட்டு 1, 2, 3, 5, 6, 7, 8 என்று ஒட்டுங்கள். தகிட என்று மூன்று, தகதிமி என்று நான்கு. அழுத்தம் இரண்டின் தலையிலும் சரியாக விழும். அவசரத்தில் எட்டாவதை வெட்டினால் 4 + 3 ஆகிவிடும், பாட்டு தலைகீழாக நடக்கும்.

ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாபுவுக்கு 1, 2, 5, 6, 7 போதும்: தக தகிட. ஒட்டிய இடத்தில் 'டக்' என்று சத்தம் வந்தால், அலை நடுக்கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஒலி மெல்ல ஏறி இறங்கும்படி ஐந்து மில்லிசெகண்ட் ஃபேடு கொடுத்தால் மறையும். எதிரொலி அதிகம் உள்ள லூப்பில் இந்த வேலை ஆகாது, 3ம் துண்டின் எதிரொலி பட்டென்று அறுபடுவது கேட்கும். தொகுப்பில் 'டிரை' (எதிரொலி சேர்க்காதது) என்று குறித்த லூப்களை எடுங்கள்.

மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடைப் பாட்டுக்கு நறுக்க வேண்டாம். 6/8, 12/8 லூப்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: ஹெட்ஃபோனில் என் குரல் அரை நொடி கழித்து எதிரொலி போலக் கேட்கிறது. பாடவே முடியவில்லை.
— வாசகர், ஈரோடு

பதில்: ஆடியோ அமைப்பில் பஃபர் அளவைக் குறையுங்கள். கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பதுதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1,024 என்றால் ஒரு வழிக்கே 23 மில்லிசெகண்ட். 128 என்றால் 3க்கும் கீழே. பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது மீண்டும் 1,024. விண்டோஸில் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் கருவி) இல்லையென்றால் ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவிப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் என்றால் இவை எதுவும் உதவாது, வயர் உள்ளதை மாட்டுங்கள்.

கேள்வி: தனித்தனியே கேட்டால் ஒவ்வொரு லூப்பும் பிரமாதம். எட்டையும் சேர்த்தால் கரகரவென்று இரைச்சல். எக்ஸ்போர்ட் செய்தால் இன்னும் மோசம்.
— வாசகர், சேலம்

பதில்: லூப் தயாரிப்பவர்கள் ஒவ்வொன்றையும் உச்ச அளவுக்கு ஏற்றி, பூஜ்யம் டெசிபலைத் தொடும்படி தருவார்கள். விற்கும்போது கணீரென்று கேட்க வேண்டும் அல்லவா. எட்டையும் அடுக்கினால் சராசரியே ஒன்பது டெசிபல் ஏறும்; கோப்பில் எழுதும்போது பூஜ்யத்துக்கு மேலே போனதெல்லாம் வெட்டுப்படும். எல்லா ட்ராக்கையும் ஒன்றாகத் தேர்வு செய்து 12 டெசிபல் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். மாஸ்டர் மீட்டர் உச்சத்தில் −6ஐச் சுற்றி நின்றால் போதும்.

கரகரப்பு போன பிறகும் கலங்கலாகக் கேட்டால், இரண்டு தாள லூப்பில் இரண்டு கிக் டிரம் இருக்கும். சில மில்லிசெகண்ட் முன்பின்னாக விழுந்து ஒன்றையொன்று விழுங்கிக்கொள்கின்றன. பாட்டுக்கு அடித்தளம் போடும் லூப் எது என்று முடிவு செய்து, மற்றதில் ஈக்யூவை (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) திறந்து 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஷேக்கர், கஞ்சிரா சிலம்பல் எல்லாம் அப்படியே இருக்கும், அடிவயிற்றுச் சத்தம் மட்டும் போகும். பியானோ, கிடார் லூப்களிலும் 100 ஹெர்ட்ஸ் வரை வெட்டலாம், பேஸுக்கு இடம் கிடைக்கும். ஒரே லூப்பைத் தவறுதலாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ட்ராக்கில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் அது மட்டுமே 6 டெசிபல் கூட்டும்.

கேள்வி: என் பாட்டுகள் ஒரு நிமிடத்துக்கு மேல் சலிப்புத் தட்டுகின்றன. நண்பர்கள் 'ரிங்டோன் மாதிரி இருக்கு' என்கிறார்கள். லூப் வைத்தால் இப்படித்தானா?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: நான்கு பாரை நான்கு நிமிடம் ஓடவிட்டால் அப்படித்தான் ஆகும். முதலில் பாட்டின் மொத்த நீளத்தைத் தாளில் எழுதுங்கள். 100 பிபிஎம், நான்கு நிமிடம் என்றால் 400 பீட், 100 பார். நம் பாட்டு வடிவத்தில் இதைப் பிரித்தால் இப்படி வரும்: முன்னிசை 8, பல்லவி 16, இடையிசை 12, சரணம் 16, பல்லவி 8, இரண்டாவது இடையிசை 12, சரணம் 16, பல்லவி 8, முடிவு 4. இந்தப் பகுதிகளுக்கு மென்பொருளில் மார்க்கர் போட்டு வண்ணம் கொடுத்த பிறகு, எந்தப் பகுதியில் எது மௌனமாக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எதைச் சேர்ப்பது என்பது அதற்குப் பிறகு.

பல்லவியின் முதல் எட்டுப் பாரில் தாளத்தின் ஷேக்கர் மட்டும், அடுத்த எட்டில் முழு டிரம்ஸ். சரணம் தொடங்கும்போது பேஸை நான்கு பாருக்கு நிறுத்திவிட்டு ஐந்தாவது பாரில் கொண்டுவந்தால், புதிய வாத்தியம் எதுவும் சேர்க்காமலே பாட்டு எழுந்து நிற்கும். ஒவ்வொரு எட்டாவது பாரிலும் கடைசி இரண்டு பீட்டை வெட்டிவிட்டு அங்கே ஒரு ஃபில் (அடுத்த பகுதிக்கு இட்டுச்செல்லும் சிறு தாள அலங்காரம்) வையுங்கள். அந்த லூப்பிலிருந்தே நாலைந்து தட்டை எடுத்து வரிசை மாற்றி ஒட்டினாலும் ஃபில்தான். சரணத்துக்குப் போகும் கடைசி பீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி, குரலை மட்டும் தனியாக விட்டுப் பாருங்கள். அந்த 0.6 விநாடி மௌனம், நீங்கள் தேடி இறக்கும் பத்து லூப் செய்யாததைச் செய்யும்.

எல்லாவற்றையும்விட, ஒரு வாத்தியமாவது நீங்களே வாசித்துப் பதியுங்கள். கைத்தட்டல், சோழி குலுக்கல், மேஜையில் தாளம், எதுவானாலும் சரி. ஃபோனில் பதிந்து ட்ராக்காகச் சேருங்கள். ஒவ்வொரு சுற்றும் நூலிழை மாறி விழுகிற மனிதக் கை உள்ளே வந்தவுடன் 'ரிங்டோன்' என்ற பேச்சு அடங்கும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய லூப்பை வைத்து அமைத்த பாட்டுக்கு யூடியூபில் வேறு யாரோ உரிமை கோருவார்களாமே? அப்படியென்றால் பாட்டு எனக்குச் சொந்தமா, இல்லையா?
— வாசகர், மதுரை

பதில்: மெட்டும் வரிகளும் பாடியதும் உங்களுடையவை. லூப் உங்களுடையது அல்ல. அதைப் பயன்படுத்தும் அனுமதியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். 'ராயல்டி ஃப்ரீ' என்றால் பாட்டில் பயன்படுத்தி விற்கலாம், ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டாம் என்று பொருள். லூப்பைத் தனியாக எடுத்து விற்கவோ பகிரவோ கூடாது. கராஜ்பேண்டோடு வரும் லூப்களுக்கும் இதே விதிதான்.

அதே அனுமதி உலகில் எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. 2007ல் வெளிவந்த ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸ், கராஜ்பேண்டில் எல்லாருக்கும் கிடைக்கும் 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற லூப்தான். அதே லூப்பை நீங்களும் பயன்படுத்தலாம், தடையில்லை. சிக்கல் வருவது, ஒருவர் லூப் வைத்த தன் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் முழுதும் தன் சொத்தாகப் பதிவு செய்யும்போது. இயந்திரம் ஒலியைத்தான் ஒப்பிடும். அதே லூப் உங்கள் பாட்டில் கேட்டால் உரிமைக் கோரிக்கை வந்துவிடும். அப்படிப் பதிவு செய்வது யூடியூபின் விதிக்கே முரணானது. தனக்கு மட்டும் உரிமையுள்ள ஒலியைத்தான் அதில் சேர்க்க வேண்டும். ஆகவே உங்கள் பாட்டை வெளியிடும் விநியோகஸ்தர் 'கன்டென்ட் ஐடி வேண்டுமா' என்று கேட்டால், லூப் தனியாக ஒலிக்கும் இடம் பாட்டில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோரிக்கை வந்துவிட்டால் பதற வேண்டாம். எதிர்ப்புத் தெரிவிக்கும் படிவத்தில் லூப்பின் பெயர், தொகுப்பின் பெயர், வாங்கிய தேதி, உரிம விதியின் அந்த வரி ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோரிக்கை விலகிவிடும்.

இலவச லூப்களில் இன்னும் கவனம் வேண்டும். பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005ல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி உரிமம் உண்டு. சிசி பூஜ்யம் என்றால் எதுவும் செய்யலாம். 'பெயர் குறிப்பிடுக' என்றால் பாட்டின் விவரத்தில் பதிந்தவர் பெயர் இருக்க வேண்டும். 'வணிகம் அல்லாத' என்றால் அந்த ஒலியை வைத்த பாட்டில் காசு பார்க்க முடியாது. இறக்கும்போதே ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு உரைக் கோப்பைத் திறந்து, கோப்பின் பெயர், தளம், தேதி, உரிமம் என்று ஒரு வரி எழுதி, ரசீதையும் அங்கேயே போட்டுவையுங்கள்.